பின்னால் ஓடிய வேலை

போன மாதம் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை போன் எடுத்தார். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர், பெயர் தில்ஹானி. சிங்களப் பிள்ளை. தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும், ஆனாலும் என்னோடு தமிழில்தான் பேசுவேன் என்று நிற்பார்.

"அங்கிள், லிந்துலை மெஷின் கொழும்புக்கு மாத்துறது. ஓடுற வேலை எல்லாம் லிஸ்ட் எடுத்தேன். ஒன்னு மட்டும் தெரியல்ல. பேர் பி, ஈ, வை. என்னா அது? வெட்டவா?"

வேண்டாம் என்றேன். சொன்ன வேகம் எனக்கே சரியாகப் படவில்லை. அவர் "ஏன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பல வருடங்களுக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான். போனில் சொல்கிற விஷயமில்லை, எழுதி அனுப்புகிறேன், தமிழ் தெரிந்த யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள் என்றேன். அதிலிருந்து முதல் வரியிலேயே நிற்கிறேன். எப்படியோ ஆரம்பித்துத்தானே ஆக வேண்டும்.

நான் பிறந்தது லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், ஏழாம் நம்பர் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்குப் பத்து வயது. என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள் என் அக்கா செல்லம்மா. அவள் கொழுந்துக் கூடையைத் தூக்கினாள், நான் புத்தகப் பையைத் தூக்கினேன். என் படிப்பின் கதை அவ்வளவுதான். ஹட்டனில் உயர்தரம் முடித்து, ஆறு மாதம் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்விட்டு, தோட்டக் கம்பனியின் பிராந்திய அலுவலகத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை வேறெங்கும் போகவில்லை.

அலுவலகம் இருந்தது ஒரு பழைய ஸ்டோரில். தேயிலை ஆலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, மேல்மாடியில் முன்பு கொழுந்து வாட்டிய இடத்தில் கம்பியூட்டர் அறை போட்டிருந்தார்கள். கீழே ரோதைமுனியின் கல் மட்டும் அப்படியே இருந்தது. ரோதை என்றால் ஸ்டோர் இயந்திரத்தின் பெரிய சக்கரம். அதைக் காவல் காக்கிற சாமி ரோதைமுனி. சக்கரம் போய்ப் பல வருடமாகியும் காவல்காரர் போகவில்லை. மேலே எங்கள் அறையில் பகல் பன்னிரண்டு மணிக்கும் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து மேசைகளுக்கு நடுவில் நிற்கும். ஆளில்லாத அறையில் மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சேர்ந்த புதிதில் தனியாக உள்ளே போக எனக்குத் தயக்கமாக இருந்தது. பயம் என்று சொல்ல அந்த வயதில் வெட்கம்.

என் மேலதிகாரி செல்வநாதன் சேர். ஒல்லியான மனிதர், கழுத்தில் எப்போதும் ஒரு சாம்பல் நிற மப்ளர். அவருடைய அப்பா பக்கத்துத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அதனாலோ என்னவோ மெஷினைப் பற்றி அவர் பேசுவதெல்லாம் தோட்டத்துப் பேச்சாகவே இருக்கும். முதல் நாள் நான் ஒரு நீண்ட அறிக்கையை ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்னா முத்தையா, கொழுந்து நிறுக்கக் காத்திருக்கியா?"

"ஓடிக்கிட்டு இருக்கு சேர். முடிஞ்சாத்தான் அடுத்த வேலை."

"அது ஓடட்டும். நீ ஏன் அதுக்கு முன்னால குந்தியிருக்க? பின்னால போடு."

கட்டளையின் கடைசியில் & என்ற குறியைப் போடக் காட்டினார். போட்டதும் மெஷின் ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுத் திரையை என்னிடமே திருப்பிக் கொடுத்தது. அறிக்கை கண்ணுக்குத் தெரியாமல் எங்கோ தயாராகிக்கொண்டிருந்தது. முன்னால் ஓடுவதை நிறுத்திப் பின்னால் தள்ளவும், பின்னால் ஓடுவதை மறுபடி முன்னால் கூப்பிடவும் அன்றைக்கே கற்றுக்கொடுத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இப்ப நீ திரைய மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டன்னு வையி. பின்னால போட்டது என்னா ஆகும்?"

"ஓடும் சேர்."

"செத்துரும். திரைதான் அதுக்குத் தாய். தாய் போறப்ப ஒரு சத்தம் குடுத்துட்டுப் போவா. அது காதுல விழுந்தா புள்ளையும் கூடவே போயிரும்."

அதற்கும் ஒரு வழி இருந்தது. கட்டளைக்கு முன்னால் நோஹப் என்ற சொல்லைப் போட்டால், வேலைக்கு அந்தச் சத்தம் மட்டும் கேட்காது. நாம் போன பிறகும் அது பாட்டுக்கு ஓடும். தாயில்லாத அந்த வேலையை மெஷினின் ஒன்றாம் நம்பர் வேலை தத்தெடுத்துக்கொள்ளும். எந்தத் திரையிலிருந்து வந்தது என்று பட்டியலில் தேடினால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும்.

"செவிட்டுப் புள்ள," என்றார் சேர். "போட்ட ஆளு செத்தாலும் ஓடும். அதனால யோசிச்சுப் போடணும்."

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பிரிக்கும் முன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். சேர் மெஷினுக்குப் பெரட்டு வைத்தார். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததெல்லாம் இது இல்லாமல் போனதால் வந்த வினை. காலை ஏழரைக்கு ஓடுகிற வேலைகளின் பட்டியலை அச்சடித்து எடுப்பார். சிவப்புப் பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, பெயரையும் எண்ணையும் உரக்கக் கூப்பிடுவார். நான் திரையைப் பார்த்து "இருக்கு" என்று சொல்ல வேண்டும். மேசையில் ஒரு நீல அட்டைக் கொப்பி இருக்கும். பின்னால் போட்ட ஒவ்வொரு வேலைக்கும் அதில் ஐந்து கட்டம்: பெயர், எண், போட்டவர், நாள், ஏன். 'ஏன்' வெறுமையாக இருந்தால் பெரட்டு அதோடு நிற்கும். ஒரு தடவை 'தேவை' என்று எழுதியிருந்தேன். "யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை பேனை மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரு வேலையை நிறுத்துவதை நாங்கள் பேர் வெட்டுவது என்போம். அதுவும் தோட்டத்துச் சொல்தான். ஆள் செத்தால், விலகினால் செக்ரோல் என்ற பேர்ப் பதிவில் பேரை வெட்டுவார்கள். சேர் அதற்கு ஒரு விதி வைத்திருந்தார். "அது என்னா வேலை பாக்குதுன்னு கேக்காம பேர் வெட்டாத. பதில் கிடைக்கலன்னா, கிடைக்கிற மட்டும் தேடு."

எங்கள் அறையில் மூன்றாவது ஆள் நிர்மலா, கிளார்க். பெரட்டு நடக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்புத்தான். ஒன்று மட்டும் சிரிக்க விடாது. கடைசிப் பேரைக் கூப்பிட்டு முடிந்த பிறகும் சேர் உடனே எழும்ப மாட்டார். யாரோ இன்னும் பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு இருப்பார். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பேர் குடுக்காம வந்து நிக்கிறவன் இருப்பான்ல," என்றார். கேலியாகச் சொன்னாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது.

வருடங்கள் போயின. அக்காவின் புருஷன் இறந்து, பிள்ளைகள் கொழும்புக்கு வேலைக்குப் போய், ஏழாம் லயத்தில் அவளும் இரண்டு ஆடுகளும் மிச்சமாக இருந்தார்கள். லயத்தின் ஆறு காம்பரா வீடுகளில் நான்கில்தான் ஆட்கள். நான் டவுனில் வாடகை வீட்டில் இருந்தேன். என்னோடு வந்துவிடு என்றால், ஆட்டை எங்கே கட்டுவது என்று கேட்பாள். ஒரு மழைக்காலத்தில், லயத்துக்கு மேலே தண்ணீர் ஓடும் கானு ஓரத்தில் தரை வாய் பிளந்திருக்கிறது, கை உள்ளே போகிறது என்று சொன்னாள். அதை நான் சேரிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் "ம்" என்றார். அடுத்த வாரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று பிறகு தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, "ஏழாம் லயத்துல நாலு வீட்டு போன் நம்பரும் எழுதிக் குடு," என்றார். கொடுத்தேன். எதற்கென்று கேட்கவில்லை. அன்று சாயந்தரம் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது, "ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் வர்றேன். ஒங்க அக்காவ பிளேன்டீ ஊத்தி வைக்கச் சொல்லு, ஒரு விசயம் பேசணும்," என்றார்.

சனிக்கிழமை காலை அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அவருடைய அறையைப் பூட்டி, சாவியைக் கொழும்புக்கு அனுப்பினோம். அவருடைய கணக்கையும் கோப்புகளையும் மெஷினிலிருந்து நீக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. நீக்கினேன். காலைப் பெரட்டை நானும் நிர்மலாவும் ஒரு வாரம் நடத்தினோம், கொப்பியில் இருந்த பேர்களை மட்டும் கூப்பிட்டு. அவர் இல்லாமல் அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது, விட்டுவிட்டோம்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து சில நாளில், நல்ல மழை. பகல் இரண்டு மணியிருக்கும். அக்கா என் கைப்போனுக்கு எடுத்தாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"தம்பி, சேர் ரூம்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா. பூட்டிக் கெடக்கு."

"சேர் நம்பர்ல இருந்து போன் வந்துச்சு. மூணு தடவ மணி அடிச்சு நின்னுருச்சு. எனக்கு மட்டுமில்ல, நாலு வீட்டுக்கும். லெச்சுமி எடுத்தாளாம். யாரும் பேசல. காத்து மாதிரி ஒரு எரைச்சலாம்."

எனக்குக் கைப்போன் இல்லாத காலத்தில் சேரின் மேசைப் போனிலிருந்துதான் அக்காவுக்கு எடுப்பேன். அந்த நம்பரை லயத்தில் எல்லாரும் 'செல்வநாதன் சேர்' என்று பதிந்துவைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர் அறைக் கதவில் காதை வைத்துப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. உள்ளே சத்தமில்லை. கண்ணாடி வழியாக மேசையும், போனும், நாற்காலி முதுகில் அவர் மறந்துவிட்டுப் போன குடையும் தெரிந்தன.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு தடவை அப்படி வந்தது. இரண்டு தடவையும் பகல், இரண்டு தடவையும் பெருமழை. மணி அடித்ததும் நாலு வீட்டாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மழையோடு மழையாக மேட்டில் இருக்கும் மாடசாமி கோயிலுக்கு ஓடினார்கள். சேருடைய ஆத்மா அடங்கவில்லை என்று அங்கே கற்பூரம் ஏற்றினார்கள். மழை விட்ட பிறகுதான் இறங்கி வந்தார்கள். லெச்சுமியின் சின்ன மகள் போன் சத்தம் கேட்டாலே அழத் தொடங்கினாள்.

"நீ மெஷின் படிச்சவந்தானே," என்றாள் அக்கா. "என்னான்னு பாத்து நிப்பாட்டு தம்பி. என்னால முடியல. அந்த மனுசன் என்ன கேக்குறாருன்னு தெரியாம செத்துருவேன் போல."

கொழும்பிலிருந்து சாவியை வரவழைத்தேன். அறையைத் திறந்தால் பூசணம் பிடித்த மப்ளர் வாசனை. மேசைப் போனின் கம்பி ஒரு சின்னப் பெட்டிக்குப் போனது. அந்தப் பெட்டியிலிருந்து இன்னொரு கம்பி சுவர் ஓட்டை வழியாக மெஷின் அறைக்குள் போனது. மோடம். பெட்டியில் ஒரு பச்சைப் புள்ளி விழித்துக்கொண்டிருந்தது. மெஷின்தான் போன் எடுக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதி திரைக்கு முன்னால் போய் உட்காரும்வரைதான் இருந்தது.

மாதக்கணக்கில் எடுக்காத முழுப் பட்டியலை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒன்று. போட்டவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லை, வெறும் எண். நான் கணக்கை நீக்கிவிட்டதால் மெஷினுக்கு அந்த ஆளின் பெயர் மறந்துபோயிருந்தது. திரையின் இடத்தில் கேள்விக்குறி. தாய் ஒன்றாம் நம்பர். தொடங்கிய நாள், சேர் கடைசியாக வந்துபோன அந்த வெள்ளிக்கிழமை. கோப்புகளை நீக்கினாலும், ஏற்கெனவே ஓடத் தொடங்கிய வேலை நிற்காது. ஆளும் இல்லை, பேரும் இல்லை, எழுதிய எழுத்தும் இல்லை, வேலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கொப்பியில் தேடினேன். அந்த மனிதர் எழுதாமல் விட்ட ஒரே வேலை அதுதான்.

நிர்மலா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வேலையின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள். பி, ஈ, வை.

"அண்ணே," என்றாள். "பேய்னு போட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. நானும்தான். வெளியே மூடுபனி கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. விதி ஞாபகம் வந்தது: கேட்காமல் வெட்டாதே. கேட்க வழியும் இருந்தது. சேர் வெள்ளிதோறும் எல்லாவற்றையும் நாடாவில் பிரதி எடுத்து அலுமாரியில் வைப்பார். அந்த வெள்ளிக்கிழமை நாடாவும் அங்கேதான் இருந்தது. எடுத்துப் போட்டு, தேடி, வாசித்திருக்கலாம். அரை நாள் வேலை. நான் செய்யவில்லை. கொழும்பு அதிகாரி அன்று காலைதான் போனில் கத்தியிருந்தார், உங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்களைப் பயமுறுத்துகிறீர்களாமே என்று. அது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பெயரை இன்னும் அரை நாள் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நிறுத்தும் கட்டளையை அடித்தேன். ஒரு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் திரையிலும், பக்கத்து மேசையில் நிர்மலாவின் திரையிலும் ஒரே நேரத்தில் ஒரு வரி வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

நிறுத்தினால் நீ பார்.

அவ்வளவுதான். வேலை பட்டியலிலிருந்து போய்விட்டது. நிர்மலா கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே போனவள், ரோதைமுனி கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நிறுத்தினால் பார், என்ன செய்கிறேன் பார். எங்கள் ஊரில் சண்டை பிடிக்கிறவன் சொல்கிற வார்த்தை. என் மேல் அவ்வளவு அன்பாக இருந்த மனிதர் செத்த பிறகு என்னை மிரட்டுகிறார் என்றே நினைத்தேன். அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். "நிப்பாட்டிட்டேன்," என்றேன். "அது மெஷின்தான்க்கா. சேரும் இல்ல, பேயும் இல்ல. இனிமே ஒனக்கு ஆபிஸ்ல இருந்து போன் வந்தா அது நான்தான். பயப்படாத."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் என் தலையில் கையை வைத்துவிட்டு, மாவுக் கை என்று உடனே எடுத்துக்கொண்டாள். அந்த மாவு வாசனை எனக்கு இன்னும் வரும்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. காலையிலிருந்து மழை. மலைக்கு வேலையில்லை என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் அது மழை மாதிரியே இல்லை, கூரையில் யாரோ மண்ணைக் கொட்டுகிற மாதிரி இருந்தது. நிர்மலா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பிடி பெய்யுது பாருங்க அண்ணே," என்றாள்.

தினமும் யாராவது சொல்கிற பேச்சு. எனக்கு மட்டும் அதில் இரண்டு சொற்கள் தனியாகக் கேட்டன. பெய். பார். ஆங்கில எழுத்தில் பேய்க்கும் பெய்க்கும் ஒரே எழுத்துத்தான். அவர் வைத்த பெயர் பேய் இல்லை, பெய். அவர் எழுதியது மிரட்டல் இல்லை. இதை நிறுத்தினால், இது பார்த்துக்கொண்டிருந்ததை இனி நீ பார் என்று ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மேல்மலையில் ஒரு மழைமானி உண்டு. கால் மணிக்கொருமுறை ஓர் எண்ணை எங்கள் மெஷினுக்கு அனுப்பும். உரம் போடுகிற நாளைத் தீர்மானிக்க வைத்தது. அந்தப் பதிவைத் திறந்தேன். நான் அதுவரை அதில் பார்த்திராத எண் நின்றது. போன மூன்று தடவை போன் வந்த நாட்களைத் தேடிப் பார்த்தேன். அன்றைய எண்களெல்லாம் இதில் பாதிகூட இல்லை.

சேர் அறைக்கு ஓடினேன். மேசைப் போன் முன்னால் இருந்தது. ஆனால் அக்காவுக்கு என் கைப்போனிலிருந்துதான் எடுத்தேன். அவள் என் குரலைக் கேட்கட்டும், பயப்படாமல் வரட்டும் என்று.

"அக்கா, வீட்ட விட்டு உடனே வெளிய போ. கோயிலுக்குப் போ. மேல இருக்கிற மண்ணு வரும்."

"ஏன் தம்பி பதறுற? மழ எப்பவும் பெய்யுறதுதானே."

"போக்கா. இப்பவே போ."

"சரி சரி, போறேன். ஆட்டுக் குட்டி நனையுது, அதப் புடிச்சுக்கிட்டுப் போறேன். நீ சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி வைத்துவிட்டு, மற்ற மூன்று வீட்டுக்கும் மேசைப் போனில் அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டுக்கு மணி போய்க்கொண்டே இருந்தபோது, அவர்கள் முடிந்துவிட்டார்கள் என்று நினைத்து ரிசீவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சேர் நம்பரைப் பார்த்ததும், எடுக்காமலேயே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடியிருந்தார்கள். அவர்கள் மேட்டில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் மலை வந்து லயத்தின் மேல் இறங்கியது. மறுநாள் மண்ணுக்குப் பக்கத்தில் வைத்து லெச்சுமி என்னிடம் சொன்னாள்.

"ஓடுறப்ப அக்காவ கூப்பிட்டேங்க. வாசல்லதான் நின்னாங்க. 'சேர் எனக்கு அடிக்கலடி, தம்பிதான் அடிச்சான். பயப்பட ஒன்னும் இல்ல. நீங்க போங்க, நான் குட்டியப் புடிச்சுக்கிட்டு பின்னால வர்றேன்'ன்னு சொன்னாங்க."

செத்தவர் கூப்பிட்டிருந்தால் அக்கா ஓடியிருப்பாள். தம்பி கூப்பிட்டதால் நின்றாள். பயப்படாதே என்று அவள் முன்னால் சத்தியம் பண்ணியவன் நான். அவளைக் காப்பாற்ற இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான், அதை நான்தான் போய் எடுத்துவிட்டு வந்தேன். இத்தனை வருடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

காரியங்கள் முடிந்த பிறகு நாடாவைப் போட்டேன். 'பெய்' இருபது வரிகூட இல்லை. மழைமானியைப் பார்க்கும். எண் ஒரு அளவைத் தாண்டினால் நாலு வீட்டுக்கும் மூன்று தடவை மணி அடித்துவிட்டு, மறுபடி பார்க்கும். யாராவது நிறுத்தினால் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போகும். சேர் மேசை இழுப்பறையில் கொழும்புக் கடிதம் ஒன்றும் கிடைத்தது. ஏழாம் லயத்துக்கு ஆபத்து எதுவுமில்லை, ஆட்களிடம் இதுபற்றிப் பேச வேண்டாம் என்று அவருக்கு எழுதியிருந்தார்கள். கொப்பியில் எழுதினால் அது கொழும்பின் கண்ணில் படும் என்றுதான் எழுதாமல் விட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்து வாயால் சொல்லியிருப்பார்.

நான் எழுதினேன். பெயர்: பெய். போட்டவர்: செல்வநாதன் சேர். 'ஏன்' என்ற கட்டத்தில் செல்லம்மா என்று எழுதினேன். பிறகு நோஹப் போட்டு ஓடவிட்டேன். அதே மலைச்சரிவில் அடுத்திருந்த எட்டாம் லயத்து நம்பர்களைச் சேர்த்தேன், அக்கா நம்பர் இருந்த இடத்தில் என்னுடையதை வைத்தேன். ஓய்வு பெறும்வரை ஒருநாளும் காலைப் பெரட்டைத் தவறவிடவில்லை.

போன வாரம் தில்ஹானி மறுபடி பேசினார். வெட்டவில்லை, மழைமானியையும் போன் எடுக்கிற வேலையையும் கண்டுபிடித்துவிட்டேன், நல்ல வேலை என்று பாராட்டினார். "ஆனா அங்கிள், ஒன்னும் பேசாம மணி மட்டும் அடிக்கிறது சரியில்லதானே. ஆளுங்க பயம். ஒரு குரல் போடவா? மூனு பாசையில, மரியாதையா?"

குரல் வேண்டாம், நம்பரையும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மகளே, இதுதான் காரணம். எட்டாம் லயத்து ஆட்களிடம் அது மெஷின் என்று நான் சொல்லித்தான் இருக்கிறேன். தலையாட்டுவார்கள். மணி அடித்ததும், சேர் கூப்பிடுகிறார் என்று சொல்லிக்கொண்டுதான் ஓடுவார்கள். நான் திருத்துவதில்லை.

இப்போது நான் இருப்பது எட்டாம் லயத்துக்குக் கொஞ்சம் கீழே. நேற்று மத்தியானம் மழை பிடித்தது. மூன்று மணிக்கு என் போன் அடித்தது. செல்வநாதன் சேர். அந்த இருபது வரியும் எனக்கு மனப்பாடம், எந்த வரி இந்த மணியை அடிக்கிறது என்றுகூடத் தெரியும். ஆனாலும் எழுந்து, குடையைக்கூட எடுக்காமல் கோயில் மேட்டுக்கு நடந்தேன். பாதி ஏற்றத்தில் எனக்குப் பின்னால் காலடிச் சத்தமும் ஒரு குட்டி கத்துகிற சத்தமும் கேட்டன. லயத்து ஆட்கள் எல்லாரும் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வருகிறேன் என்று சொன்னவள் அவள்.